பதிவேட்டில் இல்லாத கட்டம்

அன்புள்ள கயல்,

குழந்தைப் பல் மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்றாய். "நீயா இருந்தா என்னம்மா மாத்துவே?" என்று கேட்டதற்குப் போனில் மழுப்பிவிட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

என் மேற்படிப்பின் கடைசி மாதம். செய்து முடித்த சிகிச்சைகளுக்கு ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் பதிவேட்டில் ஒரு பல்பாட்டமி (பல்லுக்குள் இருக்கும் கூழின் மேல்பகுதியை மட்டும் எடுக்கும் சிகிச்சை) குறைந்தது. நான்கு வயதுப் பையன் ஒருவன் வந்தான். கீழ்க் கடைவாய்ப் பால்பல்லில் ஆழமான சொத்தை. அழுதான், திமிறினான். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, நான் முடித்தேன். எக்ஸ்ரேயைப் பார்த்த ஆசிரியர் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். மறுபரிசோதனைக்குப் பையன் வரவே இல்லை. அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

'சொல், காட்டு, செய்' என்று 1959இல் அடில்ஸ்டன் எழுதியது எனக்கு மனப்பாடம்: செய்யப்போவதைக் குழந்தைக்கு முதலில் சொல், பிறகு காட்டு, அப்புறம்தான் செய். ஆனால் நான் குழந்தையிடம் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டு யாரும் திருத்தியதில்லை. ட்ரில் பிடிக்கும் கோணத்தை மட்டும் நூறு முறை திருத்தினார்கள்.

சிகிச்சையின்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று குறிக்க 1962இல் வந்த ஃபிராங்கல் அளவுகோல் இருக்கிறதே, நான்கே படிகள். முழு மறுப்பிலிருந்து சந்தோஷமான ஒத்துழைப்பு வரை. முதல் நாள் ஒரு குறி போட்டுவிட்டு மறந்துவிடுவோம். முதல் வருகையில் எந்தப் படி, மூன்றாவது வருகையில் எந்தப் படி என்று பார்த்து மாணவர்களுக்கு மதிப்பெண் போடுங்கள். அழுகிற குழந்தையின் கையில் வாய்க் கண்ணாடியைக் கொடுத்து, அன்று எதுவும் செய்யாமல் அனுப்பியவளுக்கும் கையெழுத்து வேண்டும். (முகம் வீங்கி வந்தால் அது வேறு கதை.)

ட்ரில், ஊசி எதுவும் இல்லாமல், சொத்தையின் மேலேயே ஸ்டீல் கிரௌனை (பல்லுக்கு மாட்டும் உறை) ஒட்டி மூடும் ஹால் முறையைப் பட்டம் வாங்கி வெகுநாள் கழித்துத்தான் கற்றேன். சொத்தையை உள்ளே விட்டு மூடுவதா என்று முதலில் கை கூசியது. அந்தப் பையனின் பல்லுக்கு அது பொருந்தியிருக்காது, சரி. வலி தொடங்காத எத்தனையோ பற்களுக்குப் பொருந்தியிருக்கும்.

அப்புறம் சில்வர் டயமின் ஃபுளோரைடு, சொத்தையின் மேல் தடவும் திரவ மருந்து. தடவ ஒரு நிமிடம் போதும். சொத்தை நிற்கும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும் என்று பெற்றோருக்குப் புரியவைக்கப் பத்து நிமிடமாவது வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைத் தேர்வில் வையுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று குழுவில் முணுமுணுப்பார்கள். என் பழைய பதிவேடு அலமாரியில்தான் இருக்கிறது, வரும்போது எடுத்துப் போ. பையன் 41ஆம் பக்கத்தில் இருக்கிறான்.

அம்மா