மாத்திரை எழுதும் முன் சளியை அனுப்புங்கள், டாக்டர்

தெருமுனை கிளினிக்கில் உட்கார்ந்து எங்கள் இருமலுக்கு மருந்து எழுதும் தனியார் டாக்டர்களுக்கு,

வணக்கம். டிபி டெஸ்ட் பற்றி என்றால் இது அரசாங்கத்துக்குப் போக வேண்டிய கடிதம்தானே என்று நினைப்பீர்கள். இல்லை, உங்களுக்குத்தான். இருமல் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் முதலில் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை, உங்களிடம்தான் வருகிறோம்.

என் மாமா திருப்பூரில் டெய்லர். ஒன்றரை மாதம் விடாமல் இருமினார். போன கிளினிக்கில் (பேர் வேண்டாம், அந்த டாக்டர் கைராசிக்காரர் என்று மாமா இன்னமும் சொல்கிறார்) ஐந்து நாளைக்கு லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இருமல் அடங்கியது, பத்து நாளில் திரும்பி வந்தது, மறுபடி அதே மாத்திரை. அப்புறம் எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்து, டிபி என்று சொல்லி நான்கு மருந்துக் கூட்டை ஆரம்பித்தார்கள். சளி டெஸ்ட்? எடுக்கவே இல்லை. அந்த நான்கில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் இல்லையா, அதைப் பார்த்து மருந்து நன்றாகப் பிடிக்கிறது என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். நிறம்தான் மாறியது, கிருமி அசையவில்லை. மூன்றாவது மாதம் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆன பிறகு அரசு மருத்துவமனையில் சிபிநாட் எடுத்தார்கள், சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட் அது. அன்று சாயங்காலமே ரிப்போர்ட்: ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இருக்கிறது. அந்த மூன்று மாதமும் அதே ஒற்றை அறையில்தான் அத்தையும் இரண்டு பிள்ளைகளும் படுத்திருந்தார்கள்.

டெஸ்ட் புதுசு என்று சொல்லவும் வழியில்லை. உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது 2010 டிசம்பரில். மைக்ரோஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட வேண்டும் என்றால் ஒரு மில்லி சளியில் சுமார் 10,000 கிருமியாவது வேண்டும், பட்டாலும் அது எந்த மருந்துக்கு அடங்காதது என்று தெரியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் வாரக்கணக்கில் இழுக்கும். ரிஃபாம்பிசினை ஏமாற்றும் மாற்றங்கள் பெரும்பாலும் கிருமியின் ஒரே மரபணுவில், அதிலும் ஒரு சின்னத் துண்டில் இருப்பதால், சிபிநாட் அந்த இடத்தை மட்டும் பார்த்து இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடுகிறது. இதே மாதிரி டெஸ்ட் செய்யும் கோவா நிறுவனத்தின் ட்ரூநாட் கருவி பேட்டரியிலேயே ஓடும், ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட வைக்கலாம். உங்கள் நோயாளியாக இருந்தாலும் அரசு மையத்தில் இலவசம்தான். அந்த நான்கில் இன்னொன்றான ஐசோநியாசிட்டுக்கு உள்ள எதிர்ப்பை மட்டும் சாதாரண சிபிநாட் காட்டாது, அதற்கு வேறு டெஸ்ட் உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை.

என் கோபம் அந்த லீவோஃப்ளாக்சசின் மேல்தான் அதிகம். அது டிபி கிருமியைக் கொஞ்சம் அமுக்கும், நோயாளிக்குக் குணமான மாதிரி இருக்கும், நோய் உள்ளே வளரும். அதைவிட மோசம், மருந்துக்கு அடங்காத டிபிக்கு இப்போது தரும் ஆறு மாத மாத்திரைக் கூட்டில் மாக்சிஃப்ளாக்சசின் இருக்கிறது, அதே குடும்பம். நாளைக்குத் தேவைப்படும் ஆயுதத்தை இன்றைக்கு வெறும் இருமலுக்கு மழுங்கடிக்கிறோம்.

அரசு மையத்துக்கு அனுப்பினால் பேஷன்ட் கைவிட்டுப் போய்விடுவார் என்ற பயம் சிலருக்கு இருக்கிறது, புரிகிறது. போக வேண்டியது சளிதான், ஆள் இல்லை. 2012 முதல் டிபி நோயாளியை அரசிடம் பதிவு செய்வது எப்படியும் உங்கள் கடமை, பதிந்தால் ஊட்டச்சத்துக்கான மாதம் 1,000 ரூபாயும் உங்களிடம் சிகிச்சை எடுப்பவருக்கே வரும்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலா, முதலில் சளி. பாதி சிகிச்சையில் குணமாகிறதா என்று பார்க்க மட்டும் சிபிநாட், ட்ரூநாட் வேண்டாம், செத்த கிருமியையும் அது பாசிட்டிவ் என்று காட்டிவிடும்.

அப்புறம் ஒன்று. டப்பாவைக் கையில் கொடுக்கும்போது, காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு ஆழமாக இருமி எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். மாமா முதல் நாள் துப்பிக்கொண்டு போனது வெறும் எச்சில், லேப் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.