பழைய மிதிவண்டியும் ஒரு ரசீதும்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான். இப்போது எழுதுவது ஒரு மிதிவண்டியைப் பற்றி என்றால் சிரிப்பாய். முழுவதும் படித்துவிட்டுச் சிரி.

சென்ற மாதம் மகளுக்காக ஒரு பழைய வண்டி வாங்கினேன். விற்றவர் வீட்டுக்கு வரச் சொல்லாமல், பொழுது சாய்ந்த பிறகு தெருமுனையில் நின்று காட்டினார். புது வண்ணம் பளபளத்தது, விலையும் மலிவு. அடுத்த நாள் சேறு துடைப்பதற்காக வண்டியைத் தலைகீழாக நிறுத்தியபோதுதான், பெடல் அச்சு செல்லும் குழாயின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. பெரும்பாலான வண்டிகளில் அடையாள எண் பொறித்திருக்கும் இடம் அது. அங்கே எண் இல்லை. அரத்தால் தேய்த்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. அவற்றின் மேலேயே வண்ணம் பூசியிருந்தார்கள். விரலை வைத்துத் தடவியபோது, ஏதோ ஓர் எண்ணின் வளைவு மட்டும் தட்டுப்பட்டது.

விற்றவருடைய தொலைபேசி அதன் பிறகு எடுக்கப்படவே இல்லை. வண்டியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். பணம் போனது பெரிதில்லை. யாரோ ஒரு பிள்ளை கல்லூரி வாசலில் பூட்டிவிட்டுப் போய், திரும்பி வந்து, வெறும் சங்கிலியைப் பார்த்து நின்றிருக்கும் என்ற நினைவுதான் ஆறவில்லை. எண்ணைப் பார்க்காமல் வாங்குகிற என்னைப் போன்றவர்கள் இருப்பதால்தானே திருடியவனுக்கு விலை கிடைக்கிறது?

இனி யார் வாங்கினாலும் முதலில் எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன், மற்றவை பிறகு. செயினை ஒரு அளவுகோலால் அளந்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். புதுச் செயினில் ஓர் இணைப்பு ஊசியின் மையத்திலிருந்து, அதற்கு அடுத்து வரும் 24-ஆவது ஊசியின் மையம் வரை நீளம் சரியாக 12 அங்குலம். அது 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றினால் போதும். 1/8 அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், செலவு அங்கேதான் ஏறும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில்பார் தண்டின் ஆட்டம் கைக்குத் தெரியும். சக்கரக் கோட்டத்தை எடுத்துவிடலாம், டயரை மாற்றலாம். வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

விரிசல் என்றதும் நம் பழைய வண்டி மோதிய அந்தச் சுவர் உனக்கு நினைவுக்கு வரும். ஆம், அந்த வண்டியைத்தான் விற்கப்போகிறேன், நீ கோபித்துக்கொள்ளாதே. ஐந்து வருடங்களாக மாடிப்படியின் கீழே நின்றுகொண்டிருக்கிறது. இரவு வேலைக்குப் போகிற ஒரு பெண், கடைசிப் பேருந்து போன பிறகு நடந்து வரவேண்டியிருக்கிறது என்று கேட்டார். ஹேண்டில்பார் தண்டு செல்லும் முன்குழாயோடு, பெடல் பக்கம் இறங்கும் கீழ்க்குழாய் சேருமிடத்தில், சுவரில் மோதியபோது வந்த சுருக்கம் அப்படியே இருக்கிறது. அந்த இடத்து வண்ணத்தைச் சுரண்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பட்டறைக்காரரும் பார்த்தார். உலோகம் முழுதாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த இடத்தை அந்தப் பெண்ணுக்கு நானே காட்டுவேன். மோதியதை மறைத்து விற்றால், தெருமுனையில் நின்றவருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

இன்னொன்றும் செய்ய விரும்புகிறேன். வண்டியின் எண், விற்ற நாள், நாங்கள் இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள், அதனுடன் நாம் வாங்கியபோது கிடைத்த அசல் ரசீது, இவ்வளவும் அவர் கையில் இருக்க வேண்டும். நள்ளிரவில் யாரேனும் நிறுத்தி, வண்டி யாருடையது என்று கேட்டால் அவர் தடுமாறக்கூடாது. ரசீது உன் பெயரில் இருக்கிறது. உன் தகரப்பெட்டியில், நெட்டையன் அனுப்பிய பொங்கல் வாழ்த்துகளுக்கு அடியில் இருக்கும் என்று நினைக்கிறேன். தேடி எடுத்து, பின்பக்கத்தில் ‘விற்பதற்குச் சம்மதம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பு. அது வந்து சேரும்வரை வண்டியைக் கொடுக்கமாட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் காத்திருப்பதாகச் சொன்னார்.

அன்புடன்,
உன் நண்பன்