போர்ட் ஹார்கோர்ட்டுக்குப் போகிற மாப்பிள்ளை

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்காதே. செவ்வாய்ப்பேட்டை அத்தை விழுந்து எழுந்து, இப்போது பழையபடி எல்லாரையும் திட்ட ஆரம்பித்துவிட்டாள். பேரனுக்கு எந்தக் காலேஜ் என்று எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். சின்ன மாப்பிள்ளைக்கு நைஜீரியாவில் வேலை கிடைத்திருக்கிறது. எண்ணெய்க் குழாய் பதிக்கும் காண்ட்ராக்ட் கம்பெனி, ஊர் போர்ட் ஹார்கோர்ட். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு ஊர்ப் பேரைக் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. 1995 நவம்பரில் ஸ்டாஃப் ரூமில் பேப்பரைச் சத்தமாகப் படித்தவள் நீதான், ஞாபகமிருக்கிறதா? கென் சாரோ விவா என்ற எழுத்தாளரையும் இன்னும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது அந்த ஊர்ச் சிறையில்தான். அன்றைக்கு மத்தியானம் நீ டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

வேலை உத்தரவை வாங்கிப் படித்தேன். தங்குமிடத்தில் 24 மணி நேரமும் ஜெனரேட்டர் உண்டு என்று தனியாக ஒரு வரி. அந்த ஊர் இருக்கிற நைஜர் ஆற்று டெல்டாவில் எண்ணெய் கண்டுபிடித்தது 1956இல், கப்பலேற்றத் தொடங்கியது 1958இல். இத்தனை வருஷம் கழித்தும் கரண்ட் இருக்கும் என்பதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எண்ணெயோடு வருகிற வாயுவைக் கிணற்றடியிலேயே கொளுத்திவிடுவார்கள். ராத்திரி முழுக்க அந்தத் தீ எரியும், பக்கத்துக் குடிசையில் பல்பு எரியாது. பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்த எனக்கு இது ஆறவே இல்லை கோமதி.

கென் சாரோ விவாவின் இனமான ஒகோனி மக்கள் அந்த டெல்டாவில்தான் இருக்கிறார்கள், அப்போது மொத்தமே சுமார் ஐந்து லட்சம் பேர்தான். 1990இல் உரிமைச் சாசனம் ஒன்றை எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். எங்கள் மண்ணில் எடுப்பதில் எங்களுக்குப் பங்கு வேண்டும், எங்கள் காரியத்தை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், நிலமும் தண்ணீரும் கெடக் கூடாது என்று கேட்டார்கள். 1993 ஜனவரி 4ஆம் தேதி சுமார் மூன்று லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். அந்த வருஷமே ஷெல் எண்ணெய்க் கம்பெனி அங்கிருந்து வெளியேறியது. இரண்டு வருஷத்தில் ராணுவ அரசு தூக்குக் கயிற்றை எடுத்தது.

ராணுவ ஆட்சி, அதனால் அப்படி நடந்தது என்று நீ சொல்வாய். உன் தம்பியும் அதைத்தான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1999இல் தேர்தல் ஆட்சி வந்தது. எண்ணெய் வருமானத்தில் குறைந்தது 13 சதவீதம் அது எடுக்கப்படும் மாநிலத்துக்கு என்று அரசியல் சட்டத்திலும் எழுதினார்கள். ஆனால் 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு போய்ச் சோதித்தபோது, ஒகாலே என்ற ஊரில் ஜனங்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்றில் புற்றுநோய் தரும் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவைவிட 900 மடங்குக்கும் மேல். மண்ணையும் நீரையும் மீட்க 25லிருந்து 30 வருஷம் ஆகும் என்றார்கள். தூக்கிலிட்ட ஒன்பது பேருக்கும் 2025 ஜூனில் மன்னிப்பு அறிவித்தார்கள். குற்றம் செய்யாதவனுக்கு எதற்கு மன்னிப்பு? தீர்ப்பே தப்பு என்று சொல்ல வேண்டாமா?

ஓட்டுப் போடுவதால் மட்டும் சின்ன ஜனத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த 1999இல் நைஜீரியாவின் சுமார் பன்னிரண்டு கோடிப் பேர் நடுவே ஐந்து லட்சம் பேரின் ஓட்டு எந்த மூலைக்கு? பத்துப் பேர் இருக்கிற கூட்டுக் குடும்பத்தில் ஒன்பது பேர் கைதூக்கி, கடைசி மருமகளின் நகையை விற்கலாம் என்று முடிவு செய்தால் அதை நியாயம் என்போமா? அவளைத் தனியாகக் கேட்க வேண்டும். அவள் மாட்டேன் என்றால் அதோடு விட வேண்டும்.

நம் நாட்டிலேயே அப்படி ஒரு தடவை நடந்திருக்கிறது. ஒடிசாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை எடுக்கலாமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் முன்னால் பன்னிரண்டு ஊர் கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை தப்பித்தது. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம் சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூர் ஆலைக்கு இறக்கினார்களே! அங்கே இருக்கிற மலையாளி என்ற பழங்குடி ஜனங்களை யார் உட்காரவைத்துக் கேட்டார்கள்? தமிழ்நாட்டில், அரசியல் சட்டம் பழங்குடிகளுக்கென்று தனியாகக் குறிக்கிற ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒன்றுமே இல்லை, அதனால் பழங்குடிக் கிராம சபைகளுக்கான 1996ஆம் வருஷத்துச் சட்டம் இங்கே செல்லாது. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் ஒன்றுதான் கைப்பிடி. மேட்டூர் அணை 1934இல் வந்தது, அப்போது கேள்வியே இல்லை. இன்றைக்கும் தண்ணீர் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியைப் பார்க்கக் கூட்டம் போகிறது. முழுகிய ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே என்று விசாரிக்க ஆளில்லை.

போன ஆகஸ்ட் 15 ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராம சபைக்கு என் பழைய மாணவி கூட்டிப்போனாள். பேச்சு ஆரம்பிக்கும் முன்பே தீர்மான நோட்டு சுற்றி வந்துவிட்டது. மேலே பாதிப் பக்கம் வெறுமை, கீழே கையெழுத்துகள். ஒரு பாட்டி கட்டைவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "எதுக்குன்னு மொதல்ல சொல்லுங்க சாமி" என்றாள். பதில் வரவில்லை. பாட்டி விடவில்லை, இரண்டாம் தடவையும் கேட்டாள். கேட்டது அவள் ஒருத்திதான். எனக்கும் கரண்ட் வேண்டும் கோமதி, மின்விசிறி இல்லாமல் சேலத்து மே மாதத்தை ஓட்ட முடியாது. ஆனால் அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மலையில் கை வைக்க வேண்டும்.

மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அத்தை, நான் வெறும் வெல்டிங் இன்ஸ்பெக்டர்" என்றார். அதனால்தான் சொல்கிறேன் மாப்பிள்ளை, குழாய் எங்கே கசியும் என்று முதலில் தெரியப்போவது உங்களுக்குத்தான், ரிப்போர்ட்டில் எழுதாமல் விடச் சொன்னால் விடாதீர்கள் என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒகாலே போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். போக வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, குழந்தை பள்ளிக்கூடம் சேரப்போகிறது.

உன் அண்ணன் மகன் லாகோஸில் இருந்தானே, அவன் நம்பரை உடனே அனுப்பு. மாப்பிள்ளை கிளம்புமுன் ஒரு தடவை பேசிவிடட்டும். தபால் வேண்டாம், போனிலேயே அனுப்பு.

உன்,
ராஜி