ஆக்ஸிமீட்டரை எப்படிப் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனா பரவலால் தமிழகத்தில் 2021 மே 10 முதல் முழு ஊரடங்கு இருந்தது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதான தம்பதியர் மட்டும் வசிக்கும் பல வீடுகளில் அப்போது, விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை வாங்கி வைத்தார்கள். அளக்கும் முறைதான் பலருக்குத் தெரியவில்லை.

மாடிப்படி ஏறி வந்த கையோடு அளக்கக் கூடாது. ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலை நகம் மேலே இருக்கும்படி செருகி, அசையாமல் ஒரு நிமிடம் பொறுத்து, எண் நிலைத்த பிறகே குறிக்க வேண்டும். நகப்பூச்சு, விரல் நடுக்கம், தீர்ந்துபோகும் பேட்டரி எல்லாமே கணக்கைக் கெடுக்கும்.

திரையில் இரண்டு எண்கள் வரும். ‘எஸ்பிஓ2’ அல்லது % குறி உள்ளதுதான் ஆக்சிஜன், மற்றது நாடித்துடிப்பு. துடிப்பு 78 என்பதை ஆக்சிஜன் என்று நினைத்துப் பதறுபவர்கள் உண்டு. அதைவிட ஆபத்து, துடிப்பு 96 என்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவது.

காய்ச்சல், இருமல் உள்ளவருக்கு நாளுக்கு நான்கு முறை அளந்து, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். துணைவருக்கும் அளக்க வேண்டும். இடையில் கருவியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள். ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவரிடம் பேசுங்கள். மூச்சுத் திணறினால் எண் எதுவானாலும் 108ஐ அழையுங்கள்.

கருவியை விற்கும் மருந்துக் கடைகள், இந்த விவரங்களைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு உடன் கொடுக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற செவிலியர், தஞ்சாவூர்