தடியும் எண்ணெயும்

பாம்பன்,
ஜூன் 4

அன்பு மகளுக்கு,

தம்பியிடம் கொடுத்தனுப்பிய பை வந்தது. மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதி முடிகிறது. விசைப்படகுக்காரர்கள் அத்தனை பேரும் இன்ஜினைக் கழற்றி என் தலையில் வைத்திருக்கிறார்கள். இருந்தும் முதலில் பிரித்தது உன் மலையேறும் தடிகளைத்தான்.

ஈரத்தோடு மடக்கி உறையில் போட்டிருக்கிறாய். படித்த பெண் செய்கிற வேலையா இது? அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கியதும் மூன்று துண்டையும் உருவித் துடைத்து நிழலில் காயவை. காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். நம் தெருவில் மலையேறுகிற பெண் நீ ஒருத்திதான். அதைச் சொல்லாமல் நான் டீக்கடை தாண்டுவதில்லை. காயாமல் மாட்டாதே.

வலது தடியின் அடித்துண்டு வளைந்திருக்கிறது. தரையில் உருட்டினேன், தள்ளாடியது. முனை பாறை இடுக்கில் சிக்கி, ஆள் எடை முழுதும் சாய்ந்தால்தான் அப்படி வளையும். நான் நிமிர்த்தவில்லை. நிமிர்த்திய குழாயை நம்பக்கூடாது, அந்தத் துண்டை மட்டும் புதிதாக வாங்கு.

குழாய்க்குள் சுண்டுவிரல் நுனியளவு பிளாஸ்டிக் கட்டை இருக்கிறதல்லவா? திருகினால் விரிந்து உள்சுவரைக் கவ்வுமே, அதுதான். துணியால் துடைத்தேன். கறுப்பாக எண்ணெய் வந்தது.

அது என் எண்ணெய் தாயீ. தை மாதம் தனுஷ்கோடி மணலில் நடந்துவிட்டு வந்து திண்ணையில் சாத்தியிருந்தாய். நீ தூங்கிய பிறகு நான்தான் உள்ளே விட்டேன். உப்புக் காற்றில் எண்ணெய் காணாத எதுவும் மிஞ்சாது என்பது நாற்பது வருடப் பழக்கம். பிடித்து நிற்க வேண்டியதற்கு எண்ணெய் ஆகாது என்பது இன்ஜின்காரனுக்கே தோன்றவில்லை. இறக்கத்தில் தடியை நீட்டி ஊன்றுவாய் என்று நீதானே சொன்னாய்? அப்போது அந்தக் கட்டை வழுக்கினால் துண்டு உள்ளேதான் போகும்.

சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை கழுவிக் காயவைத்தேன். இடது தடியில் என் எடையைப் போட்டு அழுத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

ஒரு மாதமாக வீடியோவில் கட்டிலில் சாய்ந்தபடியே பேசுகிறாய். வேலைக் களைப்பு என்கிறாய், சரி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு வண்டு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, நீயே எழுந்து அடுக்களைக்குப் போய் எடுத்துவந்து காட்டு.

அப்பா