அந்தச் சங்கிலியை யார் பார்த்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அணைப் பாதுகாப்பு என்றாலே நம்மிடம் பேச்சு நேராக முல்லைப் பெரியாறுக்குப் போய்விடும், 142 அடியா 152 அடியா என்று. அது உரிமைப் பிரச்சினை, பேசத்தான் வேண்டும். ஆனால் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) பாசன விவசாயியான எனக்கு மறக்கவே முடியாதது 2022 செப்டம்பர் 21 அதிகாலை. நிரம்பி நின்ற பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடு ஷட்டர், சங்கிலி அறுந்து அடித்துக்கொண்டு போனது. நொடிக்கு ஏறத்தாழ 20 ஆயிரம் கன அடி தண்ணீர் கேரளத்தின் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. ஷட்டரின் அடிமட்டம் வரை நீர் இறங்கினால்தான் வேலையே தொடங்க முடியும் என்ற நிலை. சுமார் 6 டி.எம்.சி. போய்விட்டது. மண்டலம் மண்டலமாக முறை வைத்துத் தண்ணீர் வாங்கும் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது கடைமடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, அதிலிருந்து மற்ற அணைகளாவது பாடம் படித்திருக்கும் என்று நினைத்தேன். 2024 ஆகஸ்ட் 10 இரவு, துங்கபத்ரா அணையில் 19ஆவது மதகு. அங்கும் சங்கிலிதான் அறுந்தது.

இரண்டும் அணைப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு நடந்தவை. 2021 டிசம்பர் 30 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் அணையை ஆய்வு செய்ய வேண்டும், பராமரிப்புக்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல விதிகள்தான். ஆனால் ஆய்வுக்கு வந்தவர்கள் ஷட்டர் சங்கிலியைப் பார்த்தார்களா, துருவைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பது பாசன சபைத் தேர்தலில் ஓட்டுப் போடும் எங்கள் கைக்கு வருவதில்லை.

ஒவ்வொரு ஆய்வு அறிக்கையையும் தமிழில், அணை வாரியாக, ஆய்வு செய்த பொறியாளரின் கையெழுத்தோடு பாசன சபை அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். எந்தச் சங்கிலி எப்போது மாற்றப்பட்டது என்ற தேதியும் அதில் இருக்கட்டும். சட்டப்படி தனி நிபுணர் குழு செய்ய வேண்டிய முதல் முழு மதிப்பீட்டுக்கு 2026 டிசம்பர் 30 கெடு. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்றும் கேரள எல்லைக்குள் இருந்தாலும் பராமரிப்பது தமிழ்நாடு. இவற்றின் மதிப்பீட்டு அறிக்கைகளையாவது முதலில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பி.ஏ.பி. பாசன விவசாயி,
உடுமலை வட்டம்.