இருட்டுக் கதைகளுக்கும் ஓர் அலமாரி தாருங்கள்

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்துப் பெரியோர்களுக்கு வணக்கம்.

பரிந்துரைப் பட்டியலிலிருந்து பேய்க்கதைகளையும் திகில் நாவல்களையும் சென்ற கூட்டத்தில் நீக்கிவிட்டீர்கள். பிள்ளைகளிடம் மூடநம்பிக்கை வளரும் என்று காரணம் சொன்னீர்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அந்த முடிவை ஏற்க என் மனம் மறுக்கிறது.

மணிமேகலையை நாம் வட்டத்தில் வாசித்தோமே, சார்ங்கலனை நினைத்துப் பாருங்கள். சுடுகாடு என்று தெரியாமல் சக்கரவாளக் கோட்டத்துக்குள் போன சிறுவன், பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்டு ஓடி வந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். அதன்பின் பேயைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? கண் தெரியாத கணவனோடு வாழும் கோதமை, மகனைத் திருப்பிக் கேட்டுத் தெய்வத்திடம் மன்றாடுவதுதான் நெஞ்சில் நிற்கிறது. நல்ல திகில் கதை எதுவும் இப்படித்தான். அச்சத்தின் வழியாக அழைத்துப் போய், இழப்பின் முன்னால் நிறுத்துகிறது.

மூடநம்பிக்கை என்கிறீர்கள். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ குறுநாவலில், அந்த வீட்டில் பேய் உண்டா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த இளம்பெண்ணின் மனம்தான் பேயை உண்டாக்குகிறதா என்பது கடைசி வரை உறுதியாவதில்லை. அதைப் படித்தபின் கேள்வி கேட்கத்தான் தோன்றும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்க விரும்புவது ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’. பேயின் முகம் தெளிவாகத் தெரிவதே இல்லை. அஞ்ச வைப்பது வீடு. கோணம் தவறிக் கட்டிய அதன் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும். பூட்டிய செட்டிநாட்டு வீடுகளுக்கு நடுவே வளரும் நமக்கு இது புதிதா? முகப்பு, வளவு என்னும் உள்முற்றம், இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும் வீடு. பங்காளிகள் எல்லாம் வெளியூரில். திருமணத்துக்கோ படைப்புக்கோதான் சாவி திரும்பும். படைப்பில் இறந்தவர்களுக்குப் புதுத்துணி வைத்து வணங்குகிறோம். போனவர்கள் முழுவதும் போய்விடவில்லை என்று எண்ணி வாழும் ஊர் இது. இரண்டாம் கட்டின் தூணில் சாய்ந்துகொண்டு என் ஆயா, அதாவது பாட்டி, சொன்ன கதைகளில் பேய்கள் எல்லாம் யாரோ ஒருவரின் தீராத ஏக்கமாகத்தான் வந்தன. செட்டிநாட்டு வீட்டுக்குள் நடக்கும் ஒரு மகத்தான திகில் நாவல் இன்னும் எழுதப்படக் காத்திருக்கிறது என்று நம்புகிறேன். அதை எழுதப்போகிற பெண் இன்று எட்டாம் வகுப்பில் இருக்கலாம். அவளுக்கு முன்மாதிரிகள் வேண்டாமா?

நீண்ட நாவலுக்கு அஞ்சுகிறவர்களுக்கு ‘டிராகுலா’ பொருந்தும். நாட்குறிப்பு, கடிதம், தந்தி என்று துண்டு துண்டாக நகர்வதால் இரவுக்குப் பத்துப் பக்கம் படித்தாலும் இழை அறாது. சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். இரத்தத்தையும் வதையையும் மட்டும் நம்பி எழுதியவற்றை நானும் பரிந்துரைக்க மாட்டேன். கொடுப்பதற்கு முன் ‘உனக்கு எதற்குப் பயம்?’ என்று கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். அண்மையில் வீட்டில் சாவு கண்ட பிள்ளைக்குச் சில மாதம் பொறுத்துக் கொடுக்கலாம். முடிவை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் நூல் சேகரிப்பாளர் ரோஜா முத்தையா தரம் பிரித்து ஒதுக்காமல் நாவல்களையும் நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்புத்தான் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. அவர் வாழ்ந்த மண்ணில் ஒரு வகைக் கதைக்கே இடமில்லை என்பது எனக்கு வலிக்கிறது.

ஓர் அலமாரியும் மாதத்தில் ஒரு மாலையும் கேட்கிறேன். என்னிடம் உள்ள பதினொரு நூல்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு பட்டியலைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் வட்டத்து வாசகி ஒருத்தி